வேணாம் மேஸ்திரி திருப்பி அனுப்பிய கார்

திருவள்ளூரில் அந்தக் காலத்தில் கார் இல்லாதவர்கள் எல்லோரும் வசதி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பாதிப் பேர், வேணாம் மேஸ்திரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கார் வாங்கப் போனவர்கள். அந்த ஒரு மனிதர் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால், தேரடியில் ஆள் நடக்க இடம் இருந்திருக்காது. அத்தனை கார் நின்றிருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு லாரி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். லாரியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கும் அவருக்கும் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ஊரில் யார் கார் வாங்கப் போனாலும், ‘மேஸ்திரி ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும்’ என்று கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. மேஸ்திரி பார்ப்பார். கதவைத் திறந்து சாத்துவார். குனிந்து அடியில் பார்ப்பார். ஓட்டுவார். இறங்கி வந்து, அந்தக் கார் அவருடைய பரம்பரைச் சொத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, “வேணாம்” என்பார்.

இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு இதிலுள்ள அக்கிரமம் புரியாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாட்டில் மொத்தம் மூன்றே மூன்று கார்தான். பெயரைச் சொன்னால் அந்தந்தக் காரின் அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள். அதனால் குண்டு, ஒல்லி, குட்டி என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றில் ஏதோ ஒன்றுக்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாசக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில். மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாகச் சொன்ன கார், பேரன் காதுகுத்துக்கு வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. கம்பெனி எந்தக் கலர் கொடுக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பிடித்த கலர். ஒருநாள் ‘உங்கள் முறை வந்துவிட்டது’ என்று கடிதம் வரும். கெடு தேதிக்குள் போய், கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வரிசையின் வாலுக்குப் போய் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

இப்படி ஒரு நாட்டில், இப்படி ஒரு காலத்தில், ஒரு மனிதர் நல்லது கெட்டது பார்த்துக் கார் பொறுக்கக் கிளம்பினார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரிசி மில் முதலாளி ஒருவர், காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பழைய காரை விலை பேசினார். மேஸ்திரி பார்த்துவிட்டு வேணாம் என்றார். முதலாளிக்கு ரோஷம் வந்து வாங்கியே விட்டார். நாலாவது நாள், கோயில் குளக்கரை வளைவில் அந்தக் காரின் இடது பக்கக் கதவு தனியாகக் கழன்று விழுந்தது. காரிலிருந்த முதலாளி கவனிக்கவில்லை, போய்விட்டார். மேஸ்திரி அந்தக் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடைத்தெரு முழுக்கப் பார்க்கும்படி நடந்து, முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“யம்மா, ஒங்க ஊட்டுக் கதவு ஒண்ணு ரோட்ல கெடந்துச்சு. எந்த ரூம்புதுன்னு பாத்து மாட்டிக்கோ” என்று அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தார். கதவை அவரே மாட்டிக் கொடுத்திருக்கலாம். மாட்ட மாட்டார். வேணாம் என்று அவர் சொன்ன வண்டிக்கு ஒரு ஸ்க்ரூகூட முடுக்க மாட்டார். அப்படி ஒரு திமிர்.

எனக்கே அவரால் சோற்றுக்கு ஆபத்து வந்தது. அப்போது நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு ஃபாக்டரியில் குமாஸ்தா. திருவள்ளூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, அரை நாளை ரயிலிலேயே தொலைக்கிற உத்தியோகம். எங்கள் மேனேஜர் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கார் வாங்கப் போகிறேன், உங்கள் ஊரில் யாரோ மேஸ்திரியாமே, அழைத்து வா என்றார். அழைத்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“குண்டு வண்டிக்கு நல்ல பேர் இருக்கே மேஸ்திரி. பெரிய கம்பெனி” என்றார் மேனேஜர்.

“பேரு ஓடுமா சார்? பேருக்கு பிரேக் கீதா?”

“சரி, அப்ப ஒல்லி?”

“அதுக்குள்ள நீ பூந்துட்டா, சாமான் வெக்கிறதுக்கு இன்னொரு வண்டி வாங்கணும்.”

“குட்டி?”

“படுத்துக்கினுதான் போவணும்.”

மேனேஜரின் காது சிவந்தது. “அப்போ நான் எதிலதான்யா போறது?”

“ரயில்ல போ சார். அதுல இஸ்டீரிங்கே கெடையாது. எந்தப் பேமானியும் தப்பாத் திருப்ப முடியாது.”

அந்த மாதம் முழுக்க எனக்கு லீவு கிடையாது. அதோடு அந்த மனிதரின் நிழலைக்கூட மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் விதி என் அக்கா வழியாக வந்தது.

அக்கா டாக்டர். எங்கள் குடும்பம் பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம். அப்பாவின் முணுமுணுப்பையெல்லாம் தாண்டிப் படித்து, திருவள்ளூரிலேயே மூன்று கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கஷ்டமான பிரசவம் என்றால் ஆள் ஓடிவரும். அக்கா கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸோ ரயிலோ பிடித்து, இறங்கிய இடத்தில் மாட்டு வண்டி தேடிப் போவாள். ஒரு ஐப்பசி மாதம், திருவாலங்காட்டு ஸ்டேஷனில் இறங்கி வண்டி கிடைக்காமல், சேற்றில் நடந்தே போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள். பத்தொன்பது வயசு. குழந்தையும் இல்லை. “அரை மணி முன்னாடி வந்திருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாடா” என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் வீட்டில் கார் என்பது பவிசுக்கு இல்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். மூன்றில் ஒன்றுக்கு அவள் பதிவு செய்தபோது எனக்கு அரும்பு மீசை. கடிதம் வந்தபோது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் முறை போய்விடும் என்று கடிதத்தின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தது.

அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது மேஸ்திரிதான். ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பில், ஊர் எல்லைவரை போய் வருவார்கள். மடிசார் மாமிகள் கோலத்தை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்துவார். “கிளச்ச ஏம்மா எட்டி ஒதைக்கிற, அது இன்னா பண்ணுச்சு ஒன்ன?” என்பார். அப்பா வெட்கப்பட்டுக் கோயிலுக்குள் போய்விடுவார். அக்கா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

கார் எடுக்கப் போகும்போது மேஸ்திரியும் வருவார் என்றாள் அவள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அக்கா, அந்த ஆள் வேணாம்னுதான் சொல்லுவார். அவருக்கு வேற வார்த்தை தெரியாது.”

“சொன்னா கேட்டுக்கலாம்” என்றாள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று அப்பா உத்தரவு. தேங்காய், எலுமிச்சம்பழம், துளசி மாலை சகிதம் மவுண்ட் ரோட்டில் அந்தக் கடைக்குப் போனோம். கண்ணாடி போட்ட கடை. உள்ளே டை கட்டிய ஒரு மேனேஜர். எட்டு வருஷம் காத்திருந்து வந்திருக்கிறோம், உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதன். மேஸ்திரியின் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, “டிரைவரெல்லாம் வெளியே நிக்கணும்” என்றான். அந்த இடத்தில் எனக்கே கை துறுதுறுத்தது.

“நான் டிரைவரு இல்ல. வண்டிய ஓட்டிப் பாக்கணும்” என்றார் மேஸ்திரி.

“ஓட்டிப் பாக்கறதா? இது என்ன, பொண்ணு பாக்கற எடமா? வண்டி வந்திருக்கு. கையெழுத்துப் போட்டா சாவி. அவ்வளவுதான்.”

“பொண்ணு பாக்க போனா பஜ்ஜி சொஜ்ஜியாவது குடுப்பாங்க. நீ இன்னா குடுத்த?”

அக்கா நடுவில் புகுந்து, ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சி சாவியை வாங்கினாள். மேஸ்திரி ஓட்டினார். பக்கத்தில் அக்கா. பின்னால் தேங்காயோடு அப்பா, அவர் பக்கத்தில் நான். மன்றோ சிலையைத் தாண்டியதும் மேஸ்திரி திடீரென்று ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கார் தானாக இடது பக்கம் போய் நடைபாதையை நோக்கித் திரும்பியது. அப்பா பெருமாளை அவருடைய எல்லாப் பெயராலும் கூப்பிட்டார். மேஸ்திரி ஸ்டீரிங்கைப் பிடித்து நேராக இழுத்தார். அந்த முரட்டுக் கையில் நரம்பு எழும்பியது. மறுபடி விட்டார். மறுபடி இழுத்தார். கடைக்குத் திரும்பி வந்து, சாவியை மேனேஜர் மேஜைமேல் வீசினார்.

“வேணாம்.”

மணி பத்து இருபத்தேழு.

“இஸ்டீரிங்கு கல்லு மாதிரி கீது. வண்டி எடது பக்கம் இழுக்குது. மாத்திக் குடு. இல்லாட்டி வேற வண்டி குடு.”

மேனேஜர் சிரித்தான். “புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்.”

“ஓட ஓடவா? எத்தினி மைலு ஓடணும்? எத்தினி பிரசவம் ஓடணும்?”

மேனேஜருக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. வியாழக்கிழமை கெடு, எடுத்தால் இதை எடுங்கள், இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்றான் அவன். கையெழுத்துப் போட்டுவிடு என்று நான் அக்காவைக் கெஞ்சினேன். அவள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். பத்தரை அடித்தது. அப்பா தேங்காயைத் திரும்பத் துணியில் சுற்றினார். ரயிலில் திருவள்ளூர் வரும்வரை நான் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வழியிலிருந்த எல்லா லாரியையும் திட்டிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை காலை கொட்டகை பூட்டியிருந்தது. மனிதர் அந்தக் கடைக்கே போய்விட்டார். உள்ளே விடவில்லையாம். புது வண்டி வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற சரிவு இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில், டிபன் தூக்கோடு உட்கார்ந்துவிட்டார். மாலை போட்ட கார் ஒவ்வொன்றாக இறங்கும்போது எழுந்து போய் ஜன்னலில் தட்டுவார். “சார், ஒரு நிமிட்டு. ரெண்டு வெரலால திருப்பிப் பாரு. அப்புறம் கைய விட்டுப் பாரு.” பாதிப் பேர் பைத்தியம் என்று நினைத்துப் போய்விட்டார்கள். மீதிப் பேர் விட்டுப் பார்த்தார்கள்.

எனக்குத் திங்கட்கிழமைதான் விஷயம் தெரிந்தது. அன்று திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஆள் வந்து, அக்கா மறுபடியும் ரயிலைப் பிடிக்க ஓடினாள். நல்லவேளை, அன்று இரண்டு உயிரும் பிழைத்தது. ஆனால் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஃபாக்டரிக்கு மட்டம் போட்டுவிட்டு, பேசின் பிரிட்ஜில் இறங்காமல், நேரே மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். மேஸ்திரி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திருங்க மேஸ்திரி. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அந்த வண்டியையே எடுத்துக்கறோம். ஓடறதா இல்லையா, எங்களுக்கு அது போதும். யாராவது செத்தா நீங்களா பதில் சொல்லப் போறீங்க?”

நடுரோட்டில் இப்படிக் கத்தினேன். ஒரு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

“ஒனக்கு போதும் சாமி. நீ இன்னா, பேனா புடிக்கிற கை. நடுங்குனா எழுத்து கோணலாவும், அவ்ளோதான். ஒங்கக்கா கை இன்னா புடிக்குது? ஜீப்பு கத்துக்குடுத்தேன்ல, எறங்கி காபி குடிக்கசொல்லோ பாத்தேன். டம்ளர்ல காபி ஆடுது. நான் லாரி ஓட்றவன். இந்த வண்டிய இழுத்து எனக்கே மொழங்கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஆலங்காடு வரிக்கும் இத்த இழுத்துக்கினு போயி, அந்தம்மா உள்ள கைய வெக்கசொல்லோ நடுங்குச்சின்னா? அந்தக் கொழந்த தலைக்கு யாரு பதில் சொல்றது? நீயா? இந்த டை கட்னவனா?”

எட்டு வருஷமாக அக்காவுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று மட்டும்தான் நாங்கள் எல்லோரும் யோசித்தோம். போய்ச் சேர்ந்த பிறகு அவள் கை எப்படி இருக்கும் என்று, கூடப் பிறந்த நான் யோசிக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓரமாக நானும் உட்கார்ந்தேன். தூக்கிலிருந்த புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்துத் தள்ளினார். மடி ஆசாரமெல்லாம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

புதன்கிழமை, ரிடையரான ஜட்ஜ் ஒருவர் மாலை போட்ட காரை ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். மேஸ்திரி தட்டினார். ஜட்ஜ் கையை விட்டுப் பார்த்தார். கார் மெல்ல இடது பக்கம் போய் விளக்குக் கம்பத்துக்கு மாலை போடப் போனது. காரைவிட்டு இறங்கிக் கடைக்குள் போனவர், அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். கண்ணாடி தாண்டி எங்களுக்குக் கேட்டது. அதற்கப்புறம் டை கட்டிய மேனேஜர் தானே வெளியே வந்தான். முதல் தடவையாக, “உள்ளே வாங்க” என்றான்.

வேறு கார் கொடுத்தார்கள். வியாழக்கிழமை கெடு முடிவதற்குள், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, சுத்தமான ராகு காலத்தில் எடுத்தோம். அப்பா வெள்ளை கேட்டிருந்தார். வந்தது குளத்துப் பாசிக் கலர். மேஸ்திரி ஓட்டிப் பார்த்தார். கையை விட்டபோது கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. நல்ல வண்டி என்றோ, எடுத்துக்கொள் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்து, “கிளச்ச எட்டி ஒதைக்காத” என்று மட்டும் உறுமினார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவாலங்காடு தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தான். துணைக்கு நானும் போனேன். ரோடு முழுக்கப் பள்ளம். முப்பத்தைந்து நிமிஷத்தில் போய்விட்டோம். அக்கா காரிலிருந்து இறங்கினாள். பையைக்கூட எடுக்காமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, ஒரு கணம் பார்த்தாள். அசையவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்ததாம். ஒரு மணி நேரம் கழித்து அழுகைச் சத்தம் கேட்டது. தாய்க்கும் ஒன்றுமில்லை. வாசலில் நின்ற புருஷன், என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் காரைத் துடைக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் நேரே கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரி ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே இரண்டு கால்தான் தெரிந்தது. ஆயில் படிந்த, பித்தவெடிப்பு விழுந்த கால். உள்ளேயிருந்து அந்த லாரியின் சொந்தக்காரனை நாலு தலைமுறைக்குத் திட்டிக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, குழந்தை பொழைச்சுடுத்து. தாயும் நன்னா இருக்கா” என்றேன்.

திட்டு நின்றது.

“கை நடுங்கலியே?”

“இல்லை.”

“சர்தான், போ” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தார்.

நான் உடனே போகவில்லை. அந்த இரண்டு காலையும் தொட்டுக் கும்பிட்டுவிடலாமா என்று நினைத்தேன். குனியக்கூடக் குனிந்தேன். உதைப்பார் என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன். உதை வாங்கியிருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.